ராமனும் ஒரு பியானோ சுத்தியலும்

சர் சி.வி. ராமன்னு சொன்னா நமக்கெல்லாம் முதல்ல ஞாபகம் வர்றது பிப்ரவரி 28. தேசிய அறிவியல் தினம், ஆடிட்டோரியத்துல ஒரு சீஃப் கெஸ்ட், ஒரு போஸ்டர் போட்டி, கடைசியில சமோசா. கடல் ஏன் நீலமா இருக்கு, நோபல் பரிசு, அவ்வளவுதான். நானும் மூணு வருஷம் அப்படியே இருந்துட்டேன். நாலாவது வருஷம் ஒரு பழைய பேபி கிராண்ட் பியானோவால அவரோட வாழ்க்கையில எனக்குத் தெரியாம இருந்த பாதி தெரிய வந்தது. வெளிச்சத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அந்த மனுஷன் பல வருஷம் சத்தத்துக்குப் பின்னாடி அலைஞ்சிருக்கார். அந்தக் கதையைத்தான் இங்க எழுதறேன். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். எழுத்துப்பிழை இருந்தா எடிட்டர் தம்பியைக் கேளுங்க.

முதல்ல பியானோ. காட்பாடியில நான் வாடகைக்கு இருக்கிற மாடி வீட்டுக்குக் கீழ் வீட்டில் ஒரு ரிட்டயர்டு மியூசிக் டீச்சர் இருக்காங்க. அவங்க ஹாலில் அஞ்சடி நீளத்துல ஒரு பேபி கிராண்ட். அவங்க அப்பா காலத்துப் பொருள். பார்க்க அழகா இருக்கும், ஆனா வாசிச்சா தகர டப்பா மேல ஆணி கொட்டுற மாதிரி ஒரு சத்தம். போன மாசம் சென்னையில இருந்து ட்யூனர் ஐயா ஒருத்தர் வந்தார். சாவியைப் போட்டு ஒவ்வொரு கம்பியையும் முறுக்கி சுருதி சேர்த்தார். 200க்கும் மேல கம்பி, அதுக்கே பாதி நாள் போச்சு. என் போன்ல இருக்கிற ஆப்ல பார்த்தா ஒவ்வொரு சுரமும் அச்சு அசலா சரியா இருந்தது. ஆனா அந்தத் தகரச் சத்தம் மட்டும் போகவே இல்லை.

அப்புறம் அவர் செஞ்சதுதான் எனக்குப் புதுசு. கீபோர்டு முழுக்க டிராயர் மாதிரி வெளியே இழுத்தார். உள்ள வரிசையா 88 குட்டி சுத்தியல். மரத்தலை மேல கம்பளி ஃபெல்ட் சுத்தி ஒட்டியிருக்கு. பல வருஷமா கம்பியில அடிச்சு அடிச்சு அந்த ஃபெல்ட்ல ஆழமான கோடு விழுந்து, தொட்டா மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது. உப்புத்தாளால முதல்ல அந்தக் கோட்டைத் தேய்ச்சு எடுத்தார். அப்புறம் கைப்பிடியில மூணு ஊசி வெச்ச ஒரு கருவியை எடுத்து, சுத்தியலோட இரண்டு தோள்பட்டையிலயும் குத்த ஆரம்பிச்சார். உச்சியில குத்தவே இல்லை. குத்துவார், உள்ள தள்ளுவார், வாசிச்சுக் கேட்பார், மறுபடி இழுப்பார். ரொம்பக் குத்திட்டா திரும்ப எடுக்க முடியாதாம், சத்தம் செத்துப் போயிடுமாம். நாலு மணி நேரத்துல நடு ஸ்தாயி முழுக்க வேற பியானோ ஆயிடுச்சு. டீச்சர் என்னைப் பார்த்து, சுருதி ஏற்கனவே சரியாத்தானே தம்பி இருந்தது, இப்போ என்ன மாறுச்சுன்னு கேட்டாங்க. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்ல நல்ல கிரேடு வாங்கினவன் நான். வாயில ஒரு வார்த்தை வரல. அந்த வெட்கத்துல தேட ஆரம்பிச்சு, 1920ல் வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரையில போய் நின்னேன். பியானோ சுத்தியல் கம்பியில மோதுறதைப் பத்தின கட்டுரை. எழுதினவர்கள் சி.வி. ராமன், பவநாத் பானர்ஜி.

ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சிக்குப் பக்கத்துல திருவானைக்காவல். அப்பா சந்திரசேகர ஐயர், அம்மா பார்வதி அம்மாள். அப்பா கணக்கும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர், வயலினும் நல்லா வாசிப்பார். 1892ல் விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைச்சு குடும்பம் அங்கே போனது. பையன் 11 வயசுல மெட்ரிகுலேஷன் முடிச்சான். 1903ல், 14 வயசுல, சென்னை மாநிலக் கல்லூரி. அடுத்த வருஷமே பி.ஏ.வில் முதலிடம், தங்கப் பதக்கம். 1907ல் எம்.ஏ. அதுக்கு நடுவுல 1906ல் லண்டன் அறிவியல் இதழ் ஒன்றில் முதல் கட்டுரையும் வந்தாச்சு. அப்போ வயசு 18. இந்த மாதிரி வயசுக் கணக்கெல்லாம் படிச்சா நமக்கு வயித்தெரிச்சல்தான் வரும், அதனால வேகமா தாண்டிப் போயிடலாம்.

தாண்டக் கூடாத விஷயம் ஒண்ணு இருக்கு. கல்லூரியில படிக்கும்போது அவர் கையில ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய புத்தகம் கிடைச்சது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஜெர்மனிக்காரர், டாக்டருக்குப் படிச்சு இயற்பியலுக்கு வந்தவர். ஒலியின் குணம் எங்கிருந்து வருதுங்கறதைப் பத்தி 1863ல் அவர் எழுதின அந்தப் புத்தகம் தன்னை ரொம்பவே மாத்தினதா ராமன் பிற்காலத்துல சொல்லியிருக்கார். அதோட சாரம் ரொம்ப எளிமை. வீணையும் நாதஸ்வரமும் ஒரே சுருதியில ஒரே சுரத்தை வாசிச்சாலும் எது எதுன்னு கண்ணை மூடிட்டு சொல்லிடுவோம். காரணம், ஒரு சுரம்ங்கறது ஒத்தை அதிர்வு கிடையாது, ஒரு கூட்டுக் குடும்பம். 220 ஹெர்ட்ஸ் கம்பியை மீட்டினா 440, 660, 880ன்னு மேல்சுரங்களும் கூடவே கிளம்பும். அதுல யார் குரல் ஓங்கியிருக்கு, யார் அடங்கியிருக்காங்கங்கறதுதான் அந்த வாத்தியத்தோட குணம். சுருதியைத் தீர்மானிக்கிறது வீட்டுப் பெரியவர் மட்டும். வீட்டோட சத்தத்தைத் தீர்மானிக்கிறது மொத்தக் குடும்பமும். டீச்சர் வீட்டுப் பியானோவுல பெரியவர் சரியா இருந்தார், பொடிசுங்கதான் கத்திட்டு இருந்ததுங்க.

எம்.ஏ. முடிச்சதும் இங்கிலாந்து போய் ஆராய்ச்சி பண்ணணும், அதான் அப்போ வழி. ஆனா உடம்பைப் பரிசோதிச்ச டாக்டர், இந்தப் பையன் அந்தக் குளிரைத் தாங்கமாட்டான்னு சொல்லிட்டார். இந்தியாவுல விஞ்ஞானின்னு சொல்லிக்கிட்டு சாப்பிட வழியில்லாத காலம் அது. அதனால நிதித்துறைத் தேர்வு எழுதினார், அதுலயும் முதலிடம். 1907ல் லோகசுந்தரியோட கல்யாணம், அவங்க வீணை வாசிக்கத் தெரிஞ்சவங்க. அதே வருஷம் கல்கத்தாவுல உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் வேலை. இன்னும் 19 கூட முடியல.

இங்கதான் நான் நின்னு நின்னு படிச்சேன். ஏன்னா எனக்கும் போன செமஸ்டர்ல பிளேஸ்மென்ட் ஆயிடுச்சு. ஆடியோ பக்கம் போகணும்னு ஆசை, கிடைச்சது பேங்க் சாஃப்ட்வேர் சப்போர்ட். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், சித்தப்பா ஸ்டேட்டஸ் எல்லாம் வெச்சார். எனக்கு மட்டும் ஏதோ ஒரு கதவு சாத்தின மாதிரி இருந்தது. அந்த மனநிலையில, ஒரு அறிவியல் மேதை பத்து வருஷம் அரசாங்கக் கணக்குப் புத்தகம் பார்த்தார்ங்கறதைப் படிச்சா எப்படி இருக்கும்!

கல்கத்தாவுல ஒரு நாள் டிராம்ல போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணுல பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். 1876ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் ஊரெல்லாம் நன்கொடை திரட்டி ஆரம்பிச்ச இடம். இந்தியர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்யணும்ங்கறது அவர் கனவு. கனவு நிறைவேறாமலே அவர் இறந்துட்டார். ராமன் போனப்போ அங்க கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தது, ஆராய்ச்சி செய்ய ஆள்தான் இல்லை. மகேந்திரலாலோட மகன் அமிர்தலால் அவரை வரவேற்றுக் கதவைத் திறந்துவிட்டார். அங்க ஆசுதோஷ் டேன்னு ஒரு உதவியாளர் இருந்தார், எல்லாருக்கும் அவர் ஆசு பாபு. பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். ராமனோட பல வருஷம் சேர்ந்து வேலை பார்த்தார், பிற்பாடு லண்டன் ராயல் சொசைட்டி இதழ்லயே தன் பேர்ல கட்டுரை போட்டார். அந்த வரியைப் படிச்சுட்டு நான் ஒரு நிமிஷம் போனைக் கீழ வெச்சுட்டேன்.

ராமனோட தினசரி டைம்டேபிளைப் பாருங்க. காலையில அஞ்சரை மணிக்கெல்லாம் ஆய்வுக்கூடம். பத்து மணி நெருங்கும்போது வீட்டுக்கு ஓடிவந்து குளிச்சு, சாப்பாட்டை அவசரமா விழுங்கிட்டு ஆபீஸ். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆபீஸ்ல இருந்து நேரா ஆய்வுக்கூடம். ராத்திரி ஒன்பதரை, பத்து மணிக்குத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அங்கதான். லோகசுந்தரி அம்மா எப்படிப் பொறுத்துக்கிட்டாங்கன்னு யாரும் விவரமா எழுதக் காணோம். நடுவுல ரங்கூன், நாக்பூர்னு மாற்றல் வேற. 1911ல் திரும்பக் கல்கத்தா.

அந்த வருஷங்கள்ல அவர் அதிகம் கையில எடுத்தது சத்தத்தைத்தான். என் கணிப்பு, இதுக்கு ரசனை பாதிக் காரணம், செலவு பாதிக் காரணம். இழுத்துக் கட்டின ஒரு கம்பி, நம்ம பிளஸ் டூ லேப்ல இருந்த மாதிரி ஒரு இசைக்கவை, அதிர்வைப் படம் பிடிக்க ஒரு கேமரா இருந்தா வேலை ஆரம்பிக்கலாம். அப்பாவோட வயலின் காதுல ஒலிச்சிட்டே இருந்திருக்கும் போல. வில் போட்டா கம்பி எப்படி அசையுதுன்னு வருஷக்கணக்கா பார்த்தார். மனுஷக் கை ஒரே மாதிரி வில் போடாதுன்னு ஒரு இயந்திரமே கட்டினார். அதுல வில் அப்படியே நிற்கும், வயலின்தான் முன்னும் பின்னும் நகரும்! மெக்கானிக்கல் பசங்க இதை ஒரு நிமிஷம் மனசுல ஓட்டிப் பாருங்க. செல்லோவுல சில சுரத்துல மட்டும் சத்தம் ஊளையிடும், ஓநாய்ச் சுரம்னு பேர். வாத்தியத்தோட உடம்பும் கம்பியும் ஒரே அதிர்வெண்ல மல்லுக்கட்டுறதால வர்றது. அதையும் ஆராய்ஞ்சு எழுதினார். 1918ல் வில் வாத்தியங்கள் பத்தி ஒரு முழு நூலே கழக வெளியீடா வந்தது.

1917ல் கல்கத்தா பல்கலைக்கழகத்துல பாலித் பேராசிரியர் பதவி. அந்தப் பதவிக்கு வெளிநாட்டுல பயிற்சி எடுத்திருக்கணும்னு விதி. ராமன் போகமாட்டேன்னுட்டார். துணைவேந்தரா இருந்த அசுதோஷ் முகர்ஜி அவருக்காக அந்த விதியைத் தளர்த்தினார். சம்பளம் ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சது. கணக்கு ஆபீஸ்ல பெரிய இடத்துக்குப் போக வேண்டியவர் வாத்தியார் ஆனார். எங்க வீட்டுல மட்டும் இப்படி ஒரு முடிவு எடுத்தா சித்தப்பா ஸ்டேட்டஸை டெலீட் பண்ணிடுவார்.

இதுக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான் பியானோ கட்டுரை. ராயல் சொசைட்டி இதழ்ல வந்தது. பியானோங்கறது வெள்ளைக்காரங்க வீட்டு வாத்தியம், அதோட இயற்பியல் கல்கத்தாவுல ஒரு பழைய கட்டடத்துல எழுதப்பட்டதுங்கறதே எனக்குப் பெரிய ஆச்சரியம். அந்தப் பிரச்சினை என்னன்னு கொஞ்சம் பொறுமையா சொல்றேன், ஏன்னா டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுக்குள்ளதான் இருக்கு.

கீயை அழுத்தினா சுத்தியல் எழும்பிப் போய்க் கம்பியில மோதி, உடனே விலகிடும். ஒட்டிக்கிட்டே இருந்தா கம்பி அதிராது. நடு ஸ்தாயியில அந்த மோதல் சுமார் 2 மில்லி செகண்ட், மேல் ஸ்தாயியில ஒண்ணுக்கும் கம்மி. அந்தக் கண்ணிமைக்காத நேரத்துல என்ன நடக்குதோ அதான் சத்தத்தோட குணம். ஹெல்ம்ஹோல்ட்ஸ், சுத்தியலோட அழுத்தம் மெதுவா ஏறி மெதுவா இறங்கும்னு ஒரு அழகான வளைவா வெச்சுக்கிட்டார். 1895ல் வால்டர் காஃப்மன், சுத்தியலை எடையுள்ள ஒரு பொருளா எடுத்துக் கணக்குப் போட்டார். எலக்ட்ரான் வேகமாகப் போனா அதோட நிறை எப்படி மாறுதுன்னு பிற்பாடு அளந்த அதே காஃப்மன்தான். ராமனும் பானர்ஜியும் எடுத்து விரிச்சது அந்தக் காஃப்மன் கோட்பாட்டைத்தான்.

அவங்க பார்த்த காட்சியை நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி. சுத்தியல் அடிச்ச இடத்துல இருந்து அலை இரண்டு பக்கமும் ஓடும். சுத்தியல் கம்பியோட நடுவுல அடிக்கிறதில்லை, ஒரு முனைக்குப் பக்கத்துல அடிக்குது. பல பியானோக்கள்ல கம்பியோட ஏழுல ஒரு பங்கு, ஒன்பதுல ஒரு பங்கு தூரம். அதனால பக்கத்து முனைக்குப் போன அலை சீக்கிரமே திரும்பி வந்து, இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கிற சுத்தியலை ஒரு தட்டுத் தட்டும். திரும்பப் போகும், திரும்ப வந்து தட்டும். இப்படிப் படிப்படியா தள்ளித்தான் கம்பி சுத்தியலை உதறுது. அப்போ மோதல் நேரம் சுத்தியல் கையில மட்டும் இல்லை. அதோட எடை, கம்பியோட எடை, அடிக்கிற இடம் எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணுது. ஜங்ஷன்ல ஆட்டோவுல ஏறி உட்கார்ந்தவனைப் பின்னால வர்றவன் எல்லாம் இடிச்சு இடிச்சுக் கடைசியில மறுபக்கம் இறக்கிவிட்ட மாதிரின்னு வெச்சுக்கோங்க.

மோதல் நேரத்துக்கும் குணத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மேல்சுரத்தோட ஒரு சுற்று, மோதல் நேரத்தைவிட ரொம்பக் குட்டியா இருந்தா, சுத்தியல் அதைக் கிளப்பிவிட்டுத் தானே அமுக்கியும் விடும். அதனால மோதல் நீண்டா மேல்சுரங்கள் அடங்கும், சத்தம் உருண்டையா வரும். மோதல் சுருங்கினா மேல இருக்கிற பொடிசுங்க எல்லாம் கத்தும். இறுகிப்போன ஃபெல்ட் பட்டுன்னு அடிச்சுட்டு விலகுது, அதான் தகரம். ஊசி குத்தினா நார்கள் தளர்ந்து ஃபெல்ட் மெத்தை ஆகுது, மோதல் கொஞ்சம் நீளுது. டீச்சர்கிட்ட இதை ஓடிப்போய்ச் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. மேசையில விரலால தட்டறதுக்கும் உள்ளங்கையால தட்டறதுக்கும் உள்ள வித்தியாசம்தானே தம்பின்னுட்டாங்க. அதேதான்.

ஒண்ணு நேர்மையா சொல்லணும். காஃப்மன் வழியில போன கணக்குல சுத்தியல் கெட்டியானது, மெத்தை கிடையாது. ஃபெல்ட்டோட நெகிழ்வையும் சேர்த்துக் கணக்குப் போடற வேலையைப் பிற்பாடு செஞ்சவங்கள்ல அலகாபாத் ஆர்.என். கோஷ் முக்கியமானவர். கல்கத்தாவுல பஞ்சானன் தாஸும் பியானோ கம்பியைப் பத்தி எழுதினார். 1920கள்ல இந்தியாவுல ஒரு சின்னப் பியானோ படையே இருந்திருக்கு! இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ஒரு பியானோ பழசாகிக் கெட்டுப்போகப் போக, அதோட சுத்தியல் ராமனோட கணக்குக்கு நெருங்கி வருது. ட்யூனர் ஐயா ஊசியால குத்தக் குத்த, கோஷ் கணக்குக்குத் திரும்பிப் போகுது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொரு விஷயம் பிடிக்கும். இந்தச் சுத்தியல் மேல முதல்ல இருந்தது ஃபெல்ட் இல்லை, தோல். 1700 வாக்குல இத்தாலியில பியானோவை உருவாக்கின கிறிஸ்டோஃபோரி, சுருட்டின காகிதத் தலை மேல தோல் பட்டை வெச்சார். 1826ல் பாரிஸ்ல பாப்ங்கறவர் ஃபெல்ட்டுக்குக் காப்புரிமை வாங்கற வரைக்கும் தோல்தான் ராஜா. ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் டேனரிக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனவங்களுக்கு ஸ்டேக்கிங் மெஷின் ஞாபகம் இருக்கும். காய்ஞ்சு விறைச்ச தோலை வரிசையா இருக்கிற முனைகளால குத்திக் குத்தி மிருதுவாக்கும். நாரை உடைக்காம தளர்த்தணும், அவ்வளவுதான் வித்தை. ட்யூனர் ஐயா கையில இருந்தது அதோட குட்டித் தம்பி.

தோல்னதும் ராமன் நேரா மிருதங்கத்துக்குப் போறார். அதே 1920ல், எஸ். குமாரோட சேர்ந்து, நம்ம தோல் வாத்தியங்களோட விசேஷத்தை நேச்சர் இதழ்ல எழுதினார். சாதாரண முரசுல தோலோட மேல்சுரங்கள் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது, அதனால அது வெறும் டமார். மிருதங்கத்தோட வலந்தலையில நடுவுல சாதமும் கல்பொடியும் கலந்து ஏத்தற அந்தக் கறுப்பு வட்டம், தோலோட எடையை மாத்தி மேல்சுரங்களைக் கம்பியில வர்ற மாதிரி ஒழுங்கா வரிசையில நிறுத்திடுது. தோல் மேல மணல் தூவி, அதிர்வு எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பார்த்தார். 1934ல் இதை விரிவா எழுதினார். ஒன்பது விதமான அதிர்வு, ஆனா எல்லாம் சேர்ந்து அஞ்சே சுர வரிசைக்குள்ள அடங்குதுன்னு காட்டினார். பேர் தெரியாத ஏதோ ஒரு மிருதங்கக் கைவினைஞர் காதை மட்டும் வெச்சுக்கிட்டுப் போட்ட தீர்வு அது. இந்த இடத்துல நம்ம மேட்லாப் எல்லாம் கொஞ்சம் ஓரமா நிக்கணும்.

1921ல் வீணை, தம்பூரா. கம்பியை எந்த இடத்துல மீட்டறோமோ அங்க அசையாம நிக்க வேண்டிய மேல்சுரம் சத்தத்துல வரக்கூடாதுங்கறது ஐரோப்பியப் பாடப்புத்தக விதி. வீணையில அது வருது. காரணம் குதிரை. பியானோவுல கம்பி ஒரு கூர்மையான விளிம்புல போய் முடியுது. வீணைக் குதிரையோட மேல்பக்கம் லேசா வளைஞ்சிருக்கு, கம்பி அதிரும்போது அதைத் தொட்டுத் தொட்டு விலகுது. அந்த உரசல்ல எல்லா மேல்சுரமும் பிறக்குது. வீட்டுல லோகசுந்தரி அம்மாவோட வீணை இருந்தது. இதைப் பார்க்க அவர் ரொம்ப தூரம் போயிருக்க வேண்டியதில்லை.

அதே 1921ல் முதல் கப்பல் பயணம், ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு பல்கலைக்கழக மாநாட்டுக்கு. லண்டன் புனித பால் பேராலயத்துல சுவரோரம் கிசுகிசுத்தா மறுபக்கம் கேட்குற மாடம் ஒண்ணு இருக்கு, அங்கேயும் போய்ச் சோதனை பண்ணினார். திரும்பி வர்ற வழியில மத்தியதரைக் கடலோட நீலம் அவரைப் பிடிச்சுக்கிட்டது. அதுக்கப்புறம் கதை உங்களுக்கே தெரியும். 1924ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணனோட சேர்ந்து செஞ்ச சோதனைகள், 1928 பிப்ரவரி 28ல் ராமன் விளைவு, 1930ல் நோபல். ஆனா ராமன் விளைவுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1927ல், ஜெர்மானிய இயற்பியல் பெருங்கையேட்டுக்கு இசைக்கருவிகள் பத்தின அத்தியாயத்தை எழுதினவர் இவர்தான். வெளிச்சத்துல மூழ்கிட்டு இருந்தப்பவும் காது மூடல.

1933ல் பெங்களூரு, இந்திய அறிவியல் கழகத்துக்கு முதல் இந்திய இயக்குநர். சென்னை, பெங்களூரு ரயில் நம்ம காட்பாடி வழியாத்தானே போகுது. எத்தனை தடவை இந்த ஜங்ஷனைத் தாண்டியிருப்பாரோ. அங்க அவருக்கு நிம்மதி இல்லை. நிர்வாகத்துல சண்டை, 1937ல் இயக்குநர் பதவியை விட்டார், பேராசிரியரா மட்டும் 1948 வரைக்கும் இருந்தார். சண்டையில எல்லாத் தப்பும் மத்தவங்க மேலன்னு சொல்ல முடியாது, அவருக்கும் பிடிவாதம் ஜாஸ்தி. இன்னொண்ணையும் சொல்லாம விட்டா இது வாழ்க்கை வரலாறு ஆகாது. 1933ல் கமலா சோஹோனி ஆராய்ச்சிக்குச் சேர வந்தப்போ, பெண் என்பதால ராமன் முதல்ல மறுத்தார். அவங்க விடாம நின்னு, நிபந்தனைகளோட ஒரு வருஷம் உழைச்சுக் காட்டின பிறகுதான் முறையா ஏத்துக்கிட்டார். அன்னா மணி 1940கள்ல அவர் ஆய்வகத்துல வேலை பார்த்து அஞ்சு கட்டுரை எழுதினாங்க, ஆனா எம்.எஸ்சி. இல்லைன்னு பட்டம் கிடைக்கல. அது பல்கலைக்கழக விதி. தனக்காக ஒரு விதி தளர்ந்ததால பேராசிரியர் ஆனவரோட ஆய்வகத்துலயே இது நடந்ததுங்கறது எனக்கு உறுத்துது.

1934ல் இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கினார், மிருதங்கக் கட்டுரை அதோட முதல் தொகுதியிலயே வந்தது. 1948ல் ஓய்வு, அப்புறம் சொந்தமா ராமன் ஆராய்ச்சி நிலையம். 1954ல் பாரத ரத்னா. வைரம், பூக்களோட நிறம், கண் பார்வைன்னு கடைசி வரைக்கும் எதையாவது பார்த்துட்டே இருந்தார். 1970 நவம்பர் 21ல் காலமானார். அவர் விருப்பப்படியே நிலையத் தோட்டத்துலயே தகனம் பண்ணினாங்க. அங்க சமாதி கட்டல, ஒரு மரம் வெச்சாங்க.

டீச்சர் வீட்டுப் பியானோ இன்னும் முழுசா சரியாகல. கீழ் ஸ்தாயியில செம்புக் கம்பி சுத்தின கம்பிகள் பழசாகி மந்தமாயிடுச்சு, அதுக்கு ஊசி உதவாது, புதுக் கம்பிதான் போடணும். மேல் ஸ்தாயி சுத்தியல்களை மழைக்காலம் முடிஞ்சு வந்து பார்க்கறேன்னு ட்யூனர் ஐயா சொல்லியிருக்கார், ஈரத்துல ஒலிப்பலகை உப்பி சுருதி எப்படியும் ஏறிடுமாம். எனக்கு ஜாயினிங் ஜூலையில. ஊசிக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெக்கார்ட் பண்ணின ஸ்பெக்ட்ரம் ரெண்டும் லேப்டாப்ல இருக்கு. கீழ் ஸ்தாயிக்கு இன்னும் எடுக்கல, இந்த வாரம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வரச் சொல்லியிருக்காங்க.